தாடியோடு பிறந்தவர்

உலகம் இதுவரை கண்ட வீரர்களிலேயே மிகப் பெரியவர் எங்கள் தோரிக்கோஸ் ஊர் மெய்டோன்தான். ஹெராக்ளிஸ் பாதாளத்துக்குப் போய்த் திரும்பினார் என்று ஊருக்கு ஊர் கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள். அவருக்கு என்ன, கையில் தடி, தோளில் சிங்கத்தோல், வழிகாட்டக் கூடவே ஒரு தெய்வம். மெய்டோன் ஒற்றைச் செருப்போடு போய்வந்தார். ஹெராக்ளிஸ் அங்கிருந்து மூன்று தலை நாயைப் பிடித்து வந்தார்; பிறகு அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மெய்டோன் ஓர் இருமலைப் பிடித்து வந்தார். அதை இன்றுவரை யாராலும் திருப்பி அனுப்ப முடியவில்லை. டயோனிசஸ் சாமி இரண்டு முறை பிறந்தவராம், அதற்காக வருஷம் முழுக்கத் திருவிழா. இருக்கட்டும். தாடியோடு பிறந்தாரா? மெய்டோன் பிறந்தார். பாரசீக மகாராஜாவே வந்து கேட்டாலும் இதில் ஒரு சொல்லைக் குறைக்க மாட்டேன்.

இந்த மெய்டோன்தான் என்னைப் பெற்றவர். ஆனால் கதையின் பெரும்பகுதிக்கு அவரை அப்பா என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. செத்தவர்களை உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டால் வீட்டுக்குள் வந்துவிடுவார்கள் என்பது எங்கள் ஊர் வழக்கம். ஆகவே மெய்டோன் என்றே எழுதுகிறேன்.

அவர் கோவேறு கழுதை ஓட்டிப் பிழைத்தவர். வெள்ளிச் சுரங்கத்திலிருந்து கல்லை ஏற்றிக்கொண்டு கழுவுமிடத்துக்குப் போவார். திரும்பும்போது கரி ஏற்றி வருவார். அதனால் போகும்போது வெள்ளையாகவும் வரும்போது கறுப்பாகவும் இருப்பார் என்று அம்மா சொல்வார். ஊருக்கு அவர் நினைவில் நின்றது கழுதையால் அல்ல, குறும்பால். ஒரு வருஷம் புது மது திறக்கும் நாளுக்கு முன்னால் ஒரு காலிச் சாடிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டார். அந்த வருஷத்து ஊர்த்தலைவர் எபிக்ளிஸ் முதல் கோப்பை எடுக்கக் குனிந்தபோது சாடிக்குள்ளிருந்து ஒரு குரல், போன வருஷம் சாமிக்கு வைத்த மதுவில் தண்ணீர் கலந்தது யார் என்று கேட்டது. எபிக்ளிஸ் முழங்காலில் விழுந்து, தான்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். யாருக்கும் அதுவரை அது தெரியவே தெரியாது. எங்கள் ஊரில் தலைவரைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறோம். சீட்டுக்குக் கண் கிடையாது. இந்தக் கதை நடந்த வருஷம் மறுபடி எபிக்ளிஸ் பெயரில் விழுந்தது.

ஏதென்ஸின் கப்பல்கள் சிசிலித் தீவுக்குப் போருக்குப் போனபோது மெய்டோன் துடுப்பு வலிக்கப் போனார். பக்கத்து இருக்கையில் திராசோன். கருவாடு விற்கும் லிசில்லா அத்தையின் ஒரே மகன், அப்போதுதான் மீசை முளைத்தவன். துறையில் எல்லாத் தாய்மாரும் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுதபோது லிசில்லா அத்தை மட்டும் மெய்டோனைத் தனியாகக் கூப்பிட்டு, “இவன் தூக்கத்துல உதைப்பான். பாத்துக்க,” என்றாராம். அவ்வளவுதான் வழியனுப்பு.

கப்பல்கள் திரும்பவில்லை. என்ன ஆயிற்று என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. தப்பித்து வந்த ஓரிருவர் சொன்னதை வைத்து, தோற்றுப் பிடிபட்டுச் சிராக்யூஸ் ஊர்க் கல்வெட்டாங்குழிகளில் அடைபட்டவர்களில் யாரும் மிஞ்சவில்லை என்று ஊர் முடிவு கட்டியது. உடல் இல்லாத பாடைகளைக் கட்டினார்கள். மெய்டோனின் பாடையில் அவருடைய பழைய மேலங்கியை விரித்தார்கள். மூன்று முறை பெயர் சொல்லி விடை கொடுப்பது மகனின் வேலை. நான் சிறுவன், என்னை ஒரு கல்லின்மேல் ஏற்றி நிறுத்தி, சித்தப்பா பிலாக்ரோஸ் முதுகில் கைவைத்து, உரக்கக் கூப்பிடு என்றார். கூப்பிட்டேன். நன்றாகவே கூப்பிட்டேன்; மலை எதிரொலித்தது.

லிசில்லா அத்தை மட்டும் பாடை கட்ட மறுத்துவிட்டார். பெண்கள் தலைமுடியை வெட்டிக்கொண்டு போய்க் கூப்பிட்டபோது அவர் கடையிலேயே உட்கார்ந்திருந்தார். “உடம்பைக் கொண்டாங்க. அப்புறம் அழறேன்,” என்று சொல்லிவிட்டு மீனுக்கு உப்புத் தடவினார்.

அதன் பிறகு வருஷங்கள் போயின. நான் எழுத்து வாத்தியாரிடம் பாதி எழுத்துவரை படித்தேன். கழுதைமேல் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து சந்தை முழுக்கச் சுற்றுவேன் என்று பந்தயம் கட்டி, முன்பல்லைப் பாதியாக உடைத்துக்கொண்டேன். அதிலிருந்து சில எழுத்துகள் எனக்கு விசிலாகத்தான் வருகின்றன; வாத்தியாரும் போதும் என்றுவிட்டார்.

மெய்டோன் திரும்பி வந்த நாளில் நான் முற்றத்தில் சேவலுக்கு மதுவில் ஊறிய தானியம் போட்டுக்கொண்டிருந்தேன். அது எந்தப் பக்கம் சாயும் என்று பார்ப்பதற்காக. கதவு தட்டிய சத்தம் கேட்டுச் சித்தப்பா போய்த் திறந்தார். எலும்பும் தோலுமாக ஓர் ஆள், ஒற்றைச் செருப்பு, நெற்றியில் சிராக்யூஸ்காரர்கள் அடிமைகளுக்குப் போடும் குதிரை வடிவச் சூட்டுத் தழும்பு. சித்தப்பா “அண்ணே” என்று பாதி சொல்லி, மீதியை விழுங்கிக்கொண்டு, வாசலுக்குக் குறுக்கே கையை நீட்டினார்.

சித்தப்பா கெட்டவர் அல்ல. இந்த இடத்தில் அவரைக் கெட்டவராக எழுதினால் கதை நன்றாக இருக்கும். ஆனால் என்னை வளர்த்தவர் அவர். நான் செய்த ஒவ்வொரு சேட்டைக்கும் போய் மன்னிப்புக் கேட்டவர். அவருக்குப் பயம். செத்தவன் படி தாண்டினால் வீட்டுக்கே தீட்டு, வீட்டிலிருப்பவர்களும் பின்னாலேயே போவார்கள் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர். அவர் உள்ளே போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வாசலுக்கு வெளியே வைத்தார். சாவு விழுந்த வீட்டில் வெளியேறுகிறவர்கள் கைகழுவ வைக்கும் குடம் அது. அதை மெய்டோனின் காலடியில் வைத்துவிட்டுச் சித்தப்பா அழுதார்.

அம்மா தறியை விட்டு எழுந்து வந்து கதவுக்குப் பின்னால் நின்றார். முகம் தெரியாது; குரல் மட்டும்.

“வந்துட்டீங்களா.”

“வந்துட்டேன் மிக்கா. உள்ள வரலாமான்னுதான் தெரியல.”

“செருப்பு எங்க இன்னொண்ணு?”

“கடல்ல போச்சு.”

மெய்டோன் என்னைப் பார்த்தார். இவ்வளவு உயரமா வளந்துட்டானா என்று யாரிடமோ கேட்பதுபோலச் சொன்னார். நான் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன். என் பின்னால் சேவல் இடதுபக்கமாகச் சாய்ந்து விழுந்தது.

அவர் குடத்தைச் சுற்றிக்கொண்டு, வந்த வழியே நடந்து போனார். எல்லைக்கல்லைத் தாண்டி, கடலோரத்தில் பாழாய்க் கிடந்த படகுக் கொட்டகையில் தங்கினார். அவருக்கு யாரும் நெருப்புக் கொடுக்கக் கூடாது, தண்ணீர் கொடுக்கக் கூடாது, அவரோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று ஊரில் பேச்சானது. கோயில் பக்கம் வரக்கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

அவர் எதைத் தின்று உயிரோடிருந்தார் என்றால், முச்சந்தியில் ஹெகாட்டே அம்மனுக்கு வைக்கும் படையலைத் தின்றுதான். அமாவாசைக்கு அமாவாசை வைப்பது அது. செத்தவர்களுக்கும் நாய்களுக்கும் உரியது, ஆகவே அவர் எடுப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் மாதத்தில் ஒரு நாள் சாப்பிட்டு ஒருவன் எப்படி இருப்பான்? அம்மன் பெருந்தன்மையானவர். பல நாள் அந்தி நேரத்தில் முச்சந்திக் கல்லின்மேல் ரொட்டியோ அத்திப்பழமோ ஒரு துண்டு பாலாடைக்கட்டியோ இருக்கும். யார் வைத்தார்கள் என்று ஊரில் கேட்டார்கள். எனக்கு எப்படித் தெரியும்? சில நாள் ரொட்டியில் ஒரு கடி குறைந்திருக்கும். அம்மனின் நாய்கள் கடித்திருக்கும் என்று நானே எல்லாரிடமும் விளக்கினேன்.

அம்மா அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தி சாயும் நேரத்தில்தான் மொட்டைமாடியில் துணி காயப்போட்டார். எந்தத் துணி அந்த நேரத்தில் காயும்? அங்கிருந்து பார்த்தால் கொட்டகையின் கூரை ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரியும். சில நாள் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி நிற்கும். துணி காயும்வரை அம்மா அங்கேயே நிற்பார். அது காயவே காயாது.

குளிர் ஏற ஏற ஊரின் முகம் மாறியது. யாருடைய ஆடோ செத்தது. ஒரு படகு வலையை இழந்து வந்தது. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். குளிர்காலத்தில் வழக்கமாக நடப்பவைதான். ஆனால் இப்போது ஒவ்வொன்றும் நடந்தவுடன் எல்லாரும் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து வீசும்போது இருமல் சத்தம் கேட்கும். சந்தையில் பேசிக்கொண்டிருப்பவர்கள் சற்று நிறுத்திவிட்டு, அது முடிந்தபிறகு பேச்சைத் தொடர்வார்கள்.

கடைசியில் எபிக்ளிஸ் ஊர்க்கூட்டம் போட்டார். எங்கள் ஊரில் கூட்டமும் கூத்தும் ஒரே அரங்கத்தில்தான். சில சமயம் எது எது என்று குழப்பமாகிவிடும். மெய்டோன் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதுதான் அன்றைக்குத் தீர்மானம். அவரோ அரங்கத்துக்கு வெளியே, எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

உயிரோடு இருக்கிறார் என்றால் நாம் நடத்திய சாவு பொய், பாதாளத்தின் அரசருக்குக் கொடுத்ததைத் திருப்பிப் பிடுங்கியதாக ஆகும், அவர் வேறு யாரையாவது எடுத்துக்கொள்வார் என்று எபிக்ளிஸ் பேசினார். நன்றாகவே பேசினார். பயந்தவர்களுக்குப் பயத்தை எடுத்துச் சொல்வது சுலபம். வெளியே இருமல் கேட்டது.

“செத்தவனுக்குச் சளி பிடிக்குமா?” என்றார் சாடி வனையும் ஒருவர்.

“பிடிக்கும். பாதாளம் ஈரமான இடம்,” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள். மெய்டோன் செத்துவிட்டார் என்று அதிகம் பேர் சொன்னார்கள். என் சித்தப்பா எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏதென்ஸ் நகரம் இதைத்தான் மக்களாட்சி என்று உலகத்துக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறது. நானும் பெருமைப்படுகிறேன். எந்த ராஜாவும் ஒருத்தனைக் கொல்லத்தான் முடியும். எதிரில் நின்று இருமுகிறவனைச் செத்தவன் என்று கையைத் தூக்கி முடிவுசெய்ய எங்களால்தான் முடியும்.

ஆனால் சித்தப்பா அன்றிரவு தூங்கவில்லை போலிருக்கிறது. காலையில் யாரிடமும் சொல்லாமல் நகரத்துக்கு நடந்து போய், தீட்டு விஷயங்களுக்கு விளக்கம் சொல்லும் பெரியவர்களைக் கேட்டுவிட்டு வந்தார். கால் கொப்புளத்தோடு அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்: இதற்கு முறை இருக்கிறது. சாவு நடத்தப்பட்டவன் மறுபடி பிறக்க வேண்டும். ஒரு பெண் அவனைப் பெற வேண்டும். குளிப்பாட்டித் துணி சுற்றிப் பால் புகட்டி, அடுப்பைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதன் பிறகு அவன் மற்றவர்களைப் போலத்தான்.

அரங்கம் ஆரவாரமானது. இப்போது பிறந்தால் ஓட்டுப் போடப் பதினெட்டு வருஷம் காத்திருக்க வேண்டுமா என்று ஒருவர் உண்மையாகவே கேட்டார். படைப்பயிற்சிக்குக் கிழவனாகத்தான் வருவான் என்றார் இன்னொருவர். எபிக்ளிஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு கெடு வைத்தார். பூத்திருவிழா வருகிறது. அந்த நாட்களில் செத்தவர்கள் ஊருக்குள் நடமாடுவார்கள்; நாங்கள் கதவுகளுக்குத் தார் பூசி, முள்செடி இலையை மென்றுகொண்டு இருப்போம். கடைசி நாளில் எல்லாரும் தெருவில் இறங்கி, திருவிழா முடிந்தது, வெளியே போங்கள் என்று கத்தி அவர்களை விரட்டுவோம். அதற்குள் மெய்டோன் பிறக்காவிட்டால், அவரையும் மற்ற ஆவிகளோடு சேர்த்து விரட்ட வேண்டும் என்றார். கொட்டகையிலிருந்தும், இந்தக் கரையிலிருந்தும். போய்ச்சேர வேறு கரை அவருக்கு இல்லை, அந்த நெஞ்சோடு நடக்கவும் முடியாது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். கை தூக்கினார்கள்.

ஆக, ஒரு தாய் வேண்டும். மெய்டோனின் சொந்தத் தாய் எப்போதோ போய்விட்டார். அம்மா தான் செய்வதாகச் சொன்னார். மருத்துவச்சி அம்மியா தலையில் அடித்துக்கொண்டு, நீ பெத்தா அவன் உனக்குப் புள்ளை, அப்புறம் எந்த முகத்தோட அவன் பக்கத்துல படுப்ப, தாயையே கட்டின தீப்ஸ் ராஜா வீட்டுக் குழப்பம் நம்ம ஊருக்கு வேணுமா என்று கேட்டாள். அம்மா தறிக்குத் திரும்பிப் போய், நெய்ததைப் பிரித்தார். மறுநாளும் பிரித்தார்.

சித்தப்பா வீடு வீடாகப் போனார். ஒருத்திக்கு வயிற்றில் பிள்ளை, தீட்டு ஒட்டும். ஒருத்திக்குப் புருஷன் விடமாட்டான். ஒருத்தி ஒப்புக்கொண்டு, மறுநாள் ஆடு செத்த குட்டியைப் போட்டதும் மறுத்துவிட்டாள். குழந்தை பெறாத பெண் பெற முடியாது. வயதான பெண்கள் தங்கள் வயதை ஒப்புக்கொள்ளவில்லை. திருவிழாவுக்கான பூக்கள் மலையில் வந்துவிட்டன. பார்க்க அழகாக இருந்தன. எனக்கு அவற்றை மிதிக்க வேண்டும்போல இருந்தது.

லிசில்லா அத்தையை யாரும் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை. திராசோன் என்ன ஆனான் என்று மெய்டோனுக்குத் தெரிந்திருக்கும். வந்த நாளிலிருந்து அவர் அதைச் சொல்லவில்லை, அத்தையும் கேட்கவில்லை. கருவாட்டுக் கூடையோடு எல்லைக்கல்வரை போய், கொட்டகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவர் வீட்டில் மட்டும்தான் சாவு நடக்கவில்லை. அவர் மகன் மட்டும்தான் சட்டப்படி உயிரோடு இருந்தான்.

ஒரு மாலை அவர் எல்லைக்கல்லைத் தாண்டினார். நான் அந்தப் பக்கம் நண்டு பிடிக்கப் போயிருந்தேன். கவிழ்த்துப்போட்ட படகுக்குப் பின்னால் நண்டு அதிகம். ஆகவே கேட்டது எனக்கு.

மெய்டோன் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். அத்தை கூடையை இறக்கி வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்தார்.

“நான் உன்னைப் பெக்கறேன். ஆனா பொறந்த பிறகு உனக்கு முன்ன நடந்தது எதுவும் ஞாபகம் இருக்கக் கூடாதாம். அம்மியா சொல்றா. அதனால இப்பவே சொல்லிடு,” என்றார் அத்தை.

“அக்கா.”

“சுத்தி வளைக்காத. நான் கருவாட்டுக்காரி. வீச்சம் எனக்குப் புதுசில்ல.”

மெய்டோன் இருமினார். இருமல் முடிய நேரமானது, அத்தை காத்திருந்தார். பிறகு அவர் சொன்னார். பகலில் தலைக்குமேல் வெயில், ராத்திரியில் குளிர், காலை நீட்ட இடமில்லாமல் ஒருவர்மேல் ஒருவர். குடிக்க ஒரு கோப்பைத் தண்ணீர். முதல் குளிர்காலத்திலேயே திராசோனுக்கு நெஞ்சு கட்டிக்கொண்டது.

“தூக்கத்துல உதைச்சுட்டே இருந்தான்க்கா. தினம் என் விலாவுலதான். ஒரு ராத்திரி உதைக்கல. அதுலதான் முழிச்சேன்.”

அத்தை கூடை விளிம்பில் பிரிந்திருந்த நாரை உள்ளே செருகினார்.

“அங்க புதைக்க இடமில்ல. மூணு பிடி மண்ணு போட்டேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன், மூணு தடவையும். உன் பேரையும் சேத்துச் சொன்னேன், லிசில்லா மகன் திராசோன்னு. அப்பத்தான் வழி தெரியும்னு.”

“அவன் அப்பன் பேரைச் சொல்லணும்.”

“அவன் உன் பேரைத்தான் சொல்லிட்டு இருந்தான்.”

அதற்குப் பிறகு நான் கொஞ்ச நேரம் நண்டைப் பார்த்தேன். அத்தை எழுந்தபோது குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. “அப்ப செத்தவனுக்குச் சாவு ஒழுங்கா நடந்திருக்கு. உயிரோட இருக்கறவனுக்கும் நடத்திட்டாங்க. இதுல ஒண்ணைத்தான் திருப்ப முடியும்,” என்றார். போகும்போது கூடையை அங்கேயே விட்டுவிட்டார். அதில் கருவாடு இருந்தது, நல்ல ரகம்.

மறுநாள் லிசில்லா அத்தை முடியை வெட்டிக்கொண்டு, வாசலில் குடம் வைத்து, அத்தனை வருஷம் கழித்து மகனுக்கு அழுதார். ஊர்ப் பெண்கள் எல்லாரும் போனார்கள். அம்மாவும் போனார். அழுகை என் வீட்டுச் சேவல்வரை கேட்டது. எபிக்ளிஸ்கூட வாசலில் வந்து நின்றார். என்ன செய்வது என்று தெரியாமல் குடத்தில் இரண்டு முறை கைகழுவினார். சாவுத் தீட்டுக் கழிந்ததும் அத்தை வீட்டைக் கடல்தண்ணீரால் கழுவிவிட்டு, மருத்துவச்சியைக் கூப்பிட்டனுப்பினார்.

பிறப்பு நடந்தது திருவிழாவுக்கு முந்தின நாள். உள்ளே பெண்கள் மட்டும்தான். நாங்கள் ஆண்கள் எல்லாரும் தெருவில் நின்றோம். உள்ளே அத்தை முனகுவது கேட்டது. முறைக்காக முனகுகிறார் என்று நினைத்தேன். பிறகு அது முறைக்கானது மாதிரி இல்லை. சாடிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அதன்பின் நீளமாக ஓர் இருமல். அம்மியா கதவைத் திறந்து, ஆலிவ் மாலையை நிலையில் மாட்டி, சலிப்பான குரலில், “ஆம்பளைப் புள்ளை. அழலை, இருமுது,” என்றாள்.

என்னையும் சித்தப்பாவையும் உள்ளே கூப்பிட்டார்கள். அத்தை கட்டிலில் வியர்வையோடு கிடந்தார். மெய்டோனை அங்கிக்குள் நுழைத்து வெளியே எடுத்ததில் அதன் விளிம்பு கிழிந்திருந்தது. தேன் கலந்த ஆட்டுப்பாலில் நனைத்த துணியை மெய்டோன் வாயில் அத்தை வைத்து, அவர் தலையைத் தன் கையில் தாங்கியிருந்தார். வீட்டில் போதுமான துணி இல்லாமல் பழைய பாய்மரத் துணியால் அவரைத் தோள்முதல் பாதம்வரை இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். தாடி மட்டும் வெளியே. அம்மா சுவரோரம் நின்றுகொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அடுப்பைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓட ஓர் ஆண் வேண்டும். ஊர் முறைப்படி அதற்குச் சில நாள் காத்திருக்க வேண்டும். திருவிழா விடியப்போவதால் அன்றே செய்யலாம் என்று அம்மியா சொல்லிவிட்டாள். சித்தப்பா முன்னால் வந்தார், குனிந்தார், நகரத்துக்கு நடந்த கால் மடங்கியது. அவர் என்னைப் பார்த்தார். மகன் தகப்பனைத் தூக்கிக்கொண்டு சுற்றினால் யார் யாருக்கு என்ன உறவு என்று நான் கேட்டேன். எல்லாருக்கும் பசி.

“தூக்குடா லியோன். கீழ போட்டா தோலை உரிச்சுடுவேன், இது என் புள்ளை,” என்றார் லிசில்லா அத்தை.

கையை அடியில் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தம் பிடித்தேன். தேவையே இருக்கவில்லை. கழுதையும் கல்லும் கரியுமாக ஊரைச் சுற்றிய ஆள் ஒரு விறகுக் கட்டு கனம்கூட இல்லை. அந்தக் கனமின்மை என் கைக்குப் பழகவே இல்லை. ஒரு கணம் நான் அப்படியே நின்றுவிட்டேன். பிறகு ஓடினேன். அடுப்பைச் சுற்றி, பெண்கள் கைதட்ட, புகை கண்ணில் ஏற, மூச்சு வாங்க வாயைத் திறந்துகொண்டு ஓடினேன். அவர் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பச்சைக் குழந்தைபோல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கண்ணை அல்ல, வாயை.

பேசக் கூடாது என்று மூச்சுக்கு நடுவே சொன்னேன். இன்று முழுக்கப் பேசக் கூடாது, முறை.

“வாயை மூடாத, அப்படியே வச்சுக்க,” என்றார் அப்பா, தாடிக்குள்ளிருந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி. “குளிர் முழுக்க ஒரே கடி, அதே பாதிப் பல்லுத் தடம். ஹெகாட்டேவோட நாய்க்கு எவன்டா பல்லை உடைச்சான்னு யோசிச்சுட்டே இருந்தேன்.”